தூக்குப்போசியில் வெட்டிய எண்

திருப்பூரில் ரயிலடிக்குத் தெற்கே இருந்த அந்தப் பனியன் கம்பெனியில் மத்தியானச் சோற்று மணி அடித்தால், சுவரோரப் பலகையிலிருந்து சோறு கொண்டுவந்த தூக்குப்போசிகள் தடதடவென்று கீழே இறங்கும். எல்லாம் ஒரே அளவு, ஒரே அச்சு. மாறிப்போனால் போச்சு. கம்பங்களி கொண்டுவந்தவள் அடுத்தவளுடைய நெல்லுச்சோற்றைத் தின்றுவிட்டு ஒன்றும் தெரியாத பிள்ளை மாதிரி வாயைத் துடைத்துக்கொண்டு போய்விடுவாள். அப்புறம் சாயங்காலம் வரைக்கும் அந்தச் சண்டைதான். அதனால் எல்லாப் பெண்களும் மூடியில் தங்கள் பெயரை வெட்டி வைத்திருந்தார்கள்.

தெய்வாத்தாளின் மூடியில் மட்டும் பெயர் இல்லை. 39916801 என்று ஓர் எண் இருந்தது. மூன்று கோடியே தொண்ணூற்றொன்பது லட்சத்துப் பதினாறாயிரத்து எண்ணூற்று ஒன்று.

“என்ன நம்பருங்க்கா இது, இத்தாச்சோடு நீளமா?” என்று வேலைக்குப் புதிதாக வரும் பெண்கள் கேட்பார்கள்.

“கடைக்காரரு போட்டதாயா” என்பாள்.

பொய்தான். வேறு என்னத்தைச் சொல்வாள்? ‘என்னைக் கட்டிக்கொள்வாரா, மாட்டாரா என்பதற்கு ஒருத்தர் அனுப்பிய பதில் இது’ என்று பனியன் மடிக்கிற மேசையில் உட்கார்ந்து சொல்ல முடியுமா?

அவன் பெயர் பொங்கியண்ணன். உடுமலைப்பேட்டைப் பக்கம் குடியானவர் வீட்டுப் பையன். அப்பன் இல்லை, ஆத்தாள் மட்டும். இரண்டு வருஷம் சேர்ந்தாற்போல மழை ஏமாற்றியதும் மானாவாரிக் காட்டை ஆத்தாளிடம் விட்டுவிட்டுத் திருப்பூருக்கு வேலை தேடி வந்தான். கல்கத்தாவுக்கும் பம்பாய்க்கும் போகிற பேல் மூட்டைகளின் மேல் எண் வெட்டிய தகடு வைத்து, கறுப்பு மையால் நம்பர் போடுவது அவன் வேலை. தெய்வாத்தாள் சாமளாபுரத்துத் தறிக்காரர் வீட்டுப் பெண். அண்ணன் செங்கோட்டையன் அதே கம்பெனியில் கட்டிங் மாஸ்டர். அவன் கூடவே வந்து, அவன் கூடவே போவாள். எட்டாவதோடு படிப்பை நிறுத்திவிட்டார்கள். ஆனால் கணக்கை மட்டும் யாராலும் நிறுத்த முடியவில்லை. எந்த எண்ணைப் பார்த்தாலும் அதற்குள் எது போகும் என்று மனசு தானாக வகுத்துப் பார்க்கும். அது ஒரு நமைச்சல் மாதிரி.

ஒருநாள் அவன் ஒரு மூட்டையில் 1001 என்று போட்டுக்கொண்டிருந்தான். தண்ணீர் குடிக்கப் போனவள் பார்த்துவிட்டு, வாய் சும்மா இருக்குமா, “ஏழுல போகும். பதினொண்ணுலயும் போகும். பதிமூணுலயும் போகும்” என்று தனக்குத்தானே சொல்லிக்கொண்டு நடந்தாள்.

அவன் நிமிர்ந்து பார்த்தான். “ஏனுங் அம்மிணி, நானு மூட்டைக்கு நம்பர் போடறேன். நீங்க பங்கு பிரிக்கிறீங்களா?”

அவளுக்குச் சிரிப்பு வந்துவிட்டது. அங்கே பிடித்தது சனி. மூட்டை ஏறுகிற வரிசையில் ஒவ்வொரு நம்பருக்கும் அவன் கேட்பதும் அவள் சொல்வதுமாக நாள் போயிற்று. 2047 வந்தபோது, “இதுல எதுவும் போகாது, நான் ராத்திரியே போட்டுப் பாத்துட்டேன்” என்று பெருமை அடித்தான். அவள் அந்த எண்ணை மனசில் போட்டுக்கொண்டு போனாள். அடுத்த நாள் பனியன் கட்டைச் சுமந்துகொண்டு அவனைத் தாண்டிப் போகும்போது, “இருபத்து மூணுல போகுதுங்க. எம்பத்தொம்பது தடவை” என்றாள். அவன் கையிலிருந்த தகடு நழுவி, மை பூராவும் அவன் வேட்டியில்.

“கொன்னுபோட்டயே புள்ள!” என்றான்.

அப்படி அவன் ‘புள்ள’ என்று சொன்னதும் அவளுக்கு உடம்பெல்லாம் என்னவோ ஆயிற்று. அன்றைக்கு மடித்த பனியன்களை எல்லாம் மறுபடியும் பிரித்து மடிக்க வேண்டியதாயிற்று.

இதெல்லாம் மறைக்கிற சமாசாரமா? மை பட்ட வேட்டியும், மேசையில் தலையைக் குனிந்துகொண்டு சிரிக்கிற தங்கையும் செங்கோட்டையன் கண்ணில் பட்டுவிட்டன. அவன் சத்தம் போடவில்லை. முதலாளியிடம் போய் இரண்டு வார்த்தை பேசினான். வாரக் கடைசியில் பொங்கியண்ணனுக்கு வேலை இல்லை. வேற சாதிக்காரன், காட்டுக்காரன், அவனுக்கு நம்ம ஊட்டுப் புள்ளகிட்ட என்ன இளிப்பு என்று வீட்டில் ஒருமுறை கேட்டான். அதோடு சரி. அவனுடைய கோபம் பேசாது, காரியம் செய்யும்.

போகிற அன்றைக்குத் தண்ணீர்த் தொட்டியடியில் இரண்டு நிமிஷம் கிடைத்தது.

“ஆத்தாளைக் கேக்கோணும், தெய்வா” என்றான் பொங்கியண்ணன். “உன்னைய ஊட்டுக்குள்ள சேத்துவாளான்னு தெரியோணும். சேத்துவேன்னுட்டா, தை மாசம் வந்து கூட்டீட்டுப் போயிருவேன். பழனியில தாலி. உங்கண்ணனால ஒண்ணும் பண்ண முடியாது.”

“அவுங்க என்ன சொன்னாங்கன்னு எனக்கு எப்படீங்க தெரியும்? கடுதாசி வந்தா அண்ணன் பிரிச்சுப் படிச்சுரும்.”

அவன் யோசித்தான். யோசிக்கும்போதே முகத்தில் அந்தக் கள்ளச் சிரிப்பு வந்துவிட்டது.

“நம்பர் அனுப்பறேன். கடைவீதியில வேலுமணின்னு ஒருத்தர் பாத்திரத்துல பேர் வெட்டுவாரு. அவருகிட்ட உனக்குன்னு ஒரு தூக்குப்போசி வாங்கி வெச்சிருக்கேன். ஊருக்குப் போயி நம்பர் எழுதி உட்டா வெட்டிக் குடுத்துருவாரு. நீ ரெண்டுல இருந்து வரிசையா வகுத்துட்டு வா. ஆத்தா சரின்னுட்டா எல்லாம் போகும். எந்த எண்ணுல முதல் முதல்ல போகாம நிக்குதோ, தை மாசம் அந்தத் தேதிக்கு உடுமலை பஸ் நிக்கற எடத்துல வந்து நிப்பேன். காலையில இருந்து கடைசி பஸ் வரைக்கும் நிப்பேன்.”

“சரின்னு சொல்லலைன்னா?”

“எதுவுமே போகாத நம்பரா அனுப்பிச்சர்றேன். அதோட நீ என்னைய உட்டர்லாம்.”

“எதுவும் போகாத நம்பரு எனக்கு வேண்டாங்க” என்றாள். கண் நிறைந்துவிட்டது. அதற்குள் யாரோ குடத்தை எடுத்துக்கொண்டு வந்தார்கள்.

இரண்டு பேருக்கும் கிறுக்கு, வேறென்ன? பக்கத்து மேசையில் ஜஹானாரா இருந்தாள். தெய்வாத்தாளுக்காக உயிரையும் கொடுப்பாள். அவளிடம் ‘ஆமாம்’ அல்லது ‘இல்லை’ என்று ஒரு வார்த்தை சொல்லி அனுப்பியிருக்கலாம். ஆனால் வாயால் சொன்னது நாலு வாய் மாறி செங்கோட்டையன் காதுக்குப் போய்விடும் என்று அவனுக்குப் பயம். பயம் பாதி. மீதி என்னவென்றால், அந்த இரண்டு பேருக்கும் அதுதான் பாஷை.

மார்கழிக் கடைசியில், தெய்வாத்தாள் கேட்டனுப்பி, ஜஹானாரா அந்தத் தூக்குப்போசியைக் கொண்டுவந்து மேசைக்கடியில் வைத்தாள். “கடைவீதியில அந்தப் பேர் வெட்றவரு குடுத்தாரு, தெய்வா. நல்லபடியா இருக்கச் சொன்னாரு” என்றாள்.

தெய்வாத்தாள் மூடியைத் திருப்பினாள். புள்ளி புள்ளியாக உளி பதிந்த எட்டு இலக்கம். முதலில் கடைசி இலக்கத்தைத்தான் பார்த்தாள். ஒன்று. இரண்டில் போகாது.

எடுத்த எடுப்பிலேயே இடறிவிட்டது. கட்டிங் சாக்பீஸ் துண்டை எடுத்து மேசை விளிம்பில் போட்டுப் பார்த்தாள். மூன்றில் வகுத்தாள், ஒன்று மிச்சம். நாலில், ஒன்று மிச்சம். ஐந்தில் ஒன்று. ஆறில் ஒன்று. ஏழில், கண்ணைத் துடைத்துக்கொண்டு இரண்டு தடவை போட்டாள், ஒன்று. எட்டு, ஒன்பது, பத்து, பதினொன்று, பன்னிரண்டு, எல்லாவற்றிலும் அதே ஒன்று. பதிமூன்றில் இரண்டு மிஞ்சியது. பதினேழிலும் இரண்டு. பத்தொன்பதில் ஐந்து. எதுவும் போகவில்லை.

வேறு யாராவது என்றால் எங்கேயோ தப்பு நடந்திருக்கும் என்று நினைத்திருப்பாள். இவளால் அப்படி நினைக்க முடியவில்லை. எத்தனையில் வகுத்தாலும் வரிசையாக ஒன்றே ஒன்று மிஞ்சுகிற எண் தானாக அமையுமா? உட்கார்ந்து யோசித்துச் செய்ய வேண்டும். அவன் யோசித்துத்தான் செய்திருக்கிறான். ஆத்தாள் மாட்டேன் என்றுவிட்டாள், நீ யாரோடும் சேராமல் ஒண்டியாகவே நின்றுகொள் என்று கணக்கிலேயே சொல்லிவிட்டான். சும்மா ஒரு போகாத எண்ணை அனுப்பியிருந்தால்கூடத் தாங்கியிருப்பாள். இத்தனை சாமர்த்தியமாக ஒரு ‘இல்லை’ சொல்ல அவனுக்கு மனசு வந்ததே என்பதுதான் அவளுக்கு ஆறவில்லை.

அந்தத் தை மாசம் முழுக்க அவள் கம்பெனியும் வீடுமாகவே இருந்தாள். உடுமலை பஸ் நிற்கிற பக்கம் தலை வைத்துப் படுக்கவில்லை. போனால் ரோட்டிலேயே அழுதுவிடுவோம் என்று பயம்.

மறு வருஷமோ அதற்கடுத்ததோ, அவனுக்குக் கல்யாணம் ஆகிவிட்டதாகக் காதில் விழுந்தது. இவளுக்கும் செங்கோட்டையன் மாப்பிள்ளை பார்க்காமல் இல்லை. நல்லூரில் ஒரு இடம், பல்லடத்தில் ஒரு இடம். “வேண்டாங்ணா” என்பாள். ஏன் என்று கேட்டால் அதற்கும் “வேண்டாங்ணா”. அண்ணன் திட்டினான், அண்ணி கெஞ்சினாள், பழனிக்குக் கூட்டிப்போய்ச் சாமியிடம் பூக்கேட்டுப் பார்த்தார்கள். கடைசியில் அவர்களே அலுத்துப்போய் விட்டுவிட்டார்கள்.

சரி, இல்லை என்று சொன்னவன் கொடுத்த போசியைத் தூக்கி எறிய வேண்டியதுதானே? அதுவும் முடியவில்லை. அதிலேயே சோறு கொண்டுவந்தாள், அதிலேயே தின்றாள். தின்று முடித்து மூடியைக் கழுவிக் கவிழ்க்கும்போது விரல் அந்தப் புள்ளிகளின் மேல் போகும். இன்னும் வகுத்துப் பார்க்காத எண்கள் எத்தனையோ இருக்கின்றனவே என்று தோன்றும். இருபத்து மூன்று போகவில்லை, இருபத்தொன்பது போகவில்லை, சரி, நூற்றுக்கு மேலே? ஆயிரத்துக்கு மேலே? 2047-க்குள் இருபத்து மூன்று ஒளிந்துகொண்டிருக்கவில்லையா? சோற்று வேளையில் மீந்த நேரத்தில் ஒன்றிரண்டு எண்களை மேசை விளிம்பில் சாக்பீஸால் போட்டுப் பார்ப்பாள். மணி அடித்ததும் முந்தானையால் துடைத்துவிடுவாள்.

“இன்னும் எதுக்குடி இது?” என்று ஜஹானாரா ஒருதரம் கேட்டே விட்டாள். அதற்குள் அவளுக்கு இரண்டு பிள்ளைகள். விஷயம் பூராவும் தெரிந்தவள் அவள் ஒருத்திதான். “அவரு குடியும் குடித்தனமுமா இருக்காரு. நீ உக்காந்து வகுத்துட்டு இருக்கறே.”

“எங்கயாச்சும் ஒண்ணு போகாதான்னு பாக்கறேன்.”

“போனா?”

“போச்சுன்னா, முழுசா என்னைய வேண்டாம்னு சொல்லலைன்னு அர்த்தம். எங்கயோ ஒரு சந்து உட்டு வெச்சிருக்காருன்னு அர்த்தம்.”

ஜஹானாரா தலையில் அடித்துக்கொண்டாள். அடித்துக்கொண்டவள், தன் போசியிலிருந்து ஒரு கறித்துண்டை எடுத்து இவள் சோற்றின் மேல் வைத்தாள். மறுபடி அதைப் பற்றிக் கேட்கவில்லை.

பின்னல் மிஷின்கள் பெருகின. கம்பெனி மாடி கட்டியது. தெருவுக்குத் தெரு பனியன் கம்பெனி முளைத்தது. தெய்வாத்தாளின் தலையில் வெள்ளை ஓடிற்று. வகுத்தல் மட்டும் நிற்கவில்லை. எதுவரைக்கும் போக வேண்டும் என்று அவளுக்குத் தெரியும். இரண்டு எண்களைப் பெருக்கினால் இந்த எண் வரும் என்றால், அந்த இரண்டில் சின்னது ஆறாயிரத்து முந்நூற்றுப் பதினெட்டைத் தொடாது. அதற்குள் அகப்படவில்லை என்றால் எங்கேயும் அகப்படாது.

கடைசியாக நின்றது 6317. அதைப் போட்டுப் பார்க்கவே அவளுக்குப் பயமாக இருந்தது. ஒரு வாரம் தள்ளிப்போட்டாள். பிறகு ஒரு மத்தியானம், சோற்றைத் தொடாமல், போட்டாள். ஆறாயிரத்து முந்நூற்றுப் பதினெட்டுத் தடவை போய், ஐயாயிரத்துத் தொள்ளாயிரத்துத் தொண்ணூற்றைந்து மிச்சம் நின்றது.

தன்னையும் ஒன்றையும் தவிர வேறு எதையும் உள்ளே விடாத எண். பள்ளிக்கூடத்தில் பகா எண் என்று சொல்லிக் கொடுத்தார்கள். அவன் ஒரு சந்துகூட விட்டு வைக்கவில்லை.

“முடிஞ்சுது ஜஹானா” என்றாள்.

ஜஹானாரா மேசையைப் பார்த்தாள், அவள் முகத்தைப் பார்த்தாள். “எதுவும் போகலையா?”

“போகலை.”

“அப்ப அந்தக் கருமத்தைப் போட்டுட்டு வேற போசி வாங்கிக்க, தெய்வா. போதும்டி. உன்னையப் பாத்து எனக்கு வயிறு எரியுது.”

தெய்வாத்தாளுக்கும் போதும் என்றுதான் இருந்தது. ஞாயிற்றுக்கிழமை காலையில் போசியைத் தேய்த்து எடுத்துக்கொண்டு, பழசைப் போட்டுப் புதுசு வாங்கிக்கொள்ளலாம் என்று கடைவீதிக்குப் போனாள்.

பாத்திரக்கடை வாசலில் வேலுமணி உட்கார்ந்திருந்தார். கிழவராகிவிட்டார். கண்ணாடிக்கு ஒரு பக்கம் நூல் கட்டியிருந்தது. கல்யாணச் சொம்பு ஒன்றை மடியில் வைத்துக்கொண்டு டொக் டொக்கென்று பேர் வெட்டிக்கொண்டிருந்தார். கடைப்பையன் இன்னும் வரவில்லை, சித்த நேரம் உட்காரச் சொன்னார். சும்மா இருக்க முடியாமல், அவள் கையிலிருந்த போசியை வாங்கிப் பார்த்தார். மூடியைத் தொட்டதும் விரல் நின்றது.

“அட! இது நானு வெட்டுனதாச்சே!”

“ஆமாங்க.”

“எனக்கு நல்லா நெனப்பு இருக்குது அம்மிணி. என் தொழில்ல இவ்வளவு நீளமா ஒரு நம்பரு நான் வெட்டுனதே இல்லை. உடுமலை பஸ் கண்டக்டர் நஸ்ருதீன்தான் சீட்டுக் கொண்டாந்தாப்ல. ஒரு பையன், மை பூசுன வேட்டியோட வந்து போசி வாங்கி வெச்சுட்டுப் போனானே, அவன் குடுத்து உட்டது.” சொல்லிவிட்டு அவளை உற்றுப் பார்த்தார். “உனக்குத்தானா கண்ணு அது? அந்தப் பையன் சொன்னான், ஒரு புள்ளைக்குக் குடுக்கறதுங்க, நல்லா அழுத்தி வெட்டுங்கன்னு.”

அவள் தலையை ஆட்டினாள்.

“நானே சொல்லோணும்னு இருந்தேன். சீட்டைப் பிரிச்சா, கடைசில ரெண்டு சைபர் போட்டு எழுதியிருக்கறான், விவரங்கெட்ட பய. எண்ணூறாம்! ஒரு பொம்பளப் புள்ளைக்கு ஆசையாக் குடுக்கற புதுப் பாத்திரம், சைபர்ல முடிக்கலாமா? மொய் எழுதுனாக்கூட நூத்தியொண்ணுன்னு தானே எழுதறோம்? சைபர்ல முடிஞ்சா அதோட முடிஞ்சு போச்சுன்னு ஆயிருமல்லோ. எனக்கு மனசு கேக்கலை. நானாத்தான் கடைசில சைபரை எடுத்துட்டு ஒண்ணு போட்டு உட்டேன். வளரட்டும்னு.” பொக்கை வாய் நிறையச் சிரித்தார். “நல்லா இருக்கறயா கண்ணு?”

நல்ல மனசு! அந்த நல்ல மனசில் இடி விழ!

தெய்வாத்தாளுக்குக் கணக்கே போட வேண்டியிருக்கவில்லை. எல்லாக் கணக்கும் ஏற்கனவே போட்டு வைத்ததுதான். இரண்டில் மிஞ்சிய ஒன்று, மூன்றில் மிஞ்சிய ஒன்று, பன்னிரண்டு வரைக்கும் மிஞ்சி மிஞ்சி அவளை அறைந்த ஒன்று, அத்தனையும் இந்தக் கிழவர் போட்ட ஒன்று. அதை எடுத்துவிட்டால் எல்லாம் போகும். இரண்டு போகும், மூன்று போகும், ஏழு போகும், பதினொன்று போகும். ஒன்றிலிருந்து பதினொன்று வரைக்கும் எல்லாவற்றையும் ஒன்றோடொன்று பெருக்கியிருக்கிறான். பன்னிரண்டைத் தனியாகப் பெருக்கவில்லை, மூன்றும் நாலும் உள்ளே இருப்பதால் அது தானாகப் போய்விடும் என்று விட்டிருக்கிறான். பதிமூன்றில் நிற்கும். தை பதிமூன்று.

ஆத்தாள் சரி என்றுதான் சொல்லியிருக்கிறாள்.

“ஏங் கண்ணு, ஒடம்பு சரியில்லையா? தண்ணி குடிக்கறயா?” என்றார் வேலுமணி.

“ஒண்ணுமில்லீங்க சாமி” என்றாள். “நல்லா இருக்கறேனுங்க.”

அவரிடம் வேறு என்ன சொல்வது? கிழவர் இத்தனை வருஷமும், நம்ம கையால் வெட்டின பாத்திரத்தோடு ஒரு பெண் நன்றாகக் குடித்தனம் பண்ணிக்கொண்டிருக்கிறாள் என்று நினைத்துக்கொண்டு இருந்திருக்கிறார். இருந்துவிட்டுப் போகட்டும். போசியை அவர் மடியிலிருந்து எடுத்துக்கொண்டு, புதுசும் வாங்காமல், நடந்தாள்.

கால் நேராக உடுமலை பஸ் நிற்கிற இடத்துக்குப் போயிற்று. ஒரு வேப்பமரம், ஒரு சோடாக்கடை, மூட்டைகளோடு நாலு பேர். அங்கே நின்றுகொண்டு சத்தமாகவே அழுதாள். பார்த்தவர்கள் பார்த்தார்கள். முதலில் வந்தது சந்தோஷம். சொன்னால் நம்ப மாட்டீர்கள், முழுச் சந்தோஷம். வேண்டாம் என்று சொல்லவில்லை! இத்தனை வருஷமும் வேண்டாம் என்று சொல்லப்பட்டவளாகவே எழுந்து, வேண்டாம் என்று சொல்லப்பட்டவளாகவே படுத்தாளே, அவன் அப்படிச் சொல்லவே இல்லை. அதற்கப்புறம்தான் மற்றது வந்தது. அவன் இங்கேதான் நின்றிருக்கிறான். இதே மரத்தடியில், தை பதிமூன்றாம் தேதி, காலையிலிருந்து. ஒவ்வொரு பஸ்ஸாகப் போகப் போக, இப்போது வருவாள், இப்போது வருவாள் என்று நின்றிருக்கிறான். இவள் ஐந்து நிமிஷ நடையில் மேசையில் உட்கார்ந்து பனியன் மடித்துக்கொண்டிருந்தாள்.

அவன் என்ன நினைத்திருப்பான்? நான் எல்லாவற்றையும் போட்டுப் பெருக்கி அனுப்பினேன், அவளுக்குப் புரியாமல் இருக்காது, தெரிந்தேதான் வரவில்லை. அப்படித்தானே நினைத்திருப்பான்? ‘வேண்டாம்’ என்ற பதிலை அவனும் இத்தனை காலம் வைத்துக்கொண்டிருக்கிறான். இவளிடமாவது வகுத்துப் பார்க்க ஓர் எண் இருந்தது. அவனிடம் அதுவும் இல்லை.

இனிமேல் அவனோடு போய் வாழப்போவதில்லை. அது முடிந்த கதை, அவளுக்குத் தெரியும். அவன் பெண்டாட்டி பிள்ளைகளோடு நல்லபடியாக இருக்கட்டும். ஆனால் அவன் அந்தத் தப்பான பதிலோடு செத்துப்போகக் கூடாது. அதை மட்டும் அவளால் தாங்க முடியாது.

உடுமலை பஸ் வந்தது. இன்னமும் நஸ்ருதீன்தான் கண்டக்டர். பெயரைச் சொன்னதும், “பொங்கியண்ணனுங்களா? தெரியுமே, அவரு ஊருக்கு முன்னாலதான் நம்ம பஸ் நிக்கும்” என்றார்.

அவள் தூக்குப்போசியை அவர் கையில் கொடுத்தாள். கொடுக்கும்போது கை லேசில் விட மாட்டேன் என்றது. “இதை அவருகிட்டக் குடுத்துருங்க. ஒண்ணும் சொல்ல வேண்டாங்க. மூடியில இருக்கற நம்பரை மட்டும் பாக்கச் சொல்லுங்க.”

அவன் பெருக்கிய எண் அவனுக்கு மறந்திருக்காது. கடைசி இலக்கத்தைப் பார்த்தால் போதும்.

அப்புறம் அவளுக்குச் சோறு வாழையிலைப் பொட்டலத்தில்தான். “உன்ற போசி எங்கே?” என்று ஜஹானாரா கேட்டாள். தெய்வாத்தாள் எல்லாவற்றையும் சொன்னாள். ஜஹானாரா, கிழவரிடம் தன் கையால் வாங்கி வந்த போசி ஆயிற்றே என்று, இவளைவிட அதிகமாக அழுதாள். அப்புறம் வேலுமணியைத் திட்டினாள். அவர் பரம்பரையையே திட்டினாள். திட்டி முடித்துவிட்டு, “பாவம், அந்தக் கெழவனுக்கு மட்டும் தெரியக்கூடாதுடி” என்றாள்.

நஸ்ருதீன் ஒரு சாயங்காலம் கம்பெனி விடுகிற நேரத்துக்கு வாசலில் வந்து நின்றார். கையில் தூக்குப்போசி. தெய்வாத்தாள் வாங்கினாள். கனத்தது. மூடியைத் திறந்தால், உள்ளே கழுத்து வரைக்கும் கச்சாயப் பலகாரம், சுட்டு எடுத்த வெல்ல வாசனையோடு.

“அவரு சம்சாரம் போட்டுக் குடுத்துச்சுங்க. யாரு ஊட்டுப் போசியோ, வெறும் பாத்திரமாத் திருப்பித் தரக்கூடாதுன்னு. நல்ல பொண்ணுங்க” என்றார் நஸ்ருதீன்.

“அவரு?” என்றாள்.

“நான் போன நடையில குடுத்தனுங்க. நம்பரைப் பாக்கச் சொன்னேன். பாத்தாரு. மூடியக் கையில வெச்சுட்டு அப்படியே ரோட்டோரமா உக்காந்துட்டாரு. எனக்குப் பயமாப் போச்சு. பஸ்ஸுல ஆளுக சத்தம் போடறாங்க, டிரைவர் ஹாரன் அடிக்கறாரு, மனுசன் எந்திரிக்கவே இல்லை. விரலால அந்தக் கடைசி எழுத்தைத் தேச்சுத் தேச்சுப் பாக்கறாரு. அழிஞ்சு போயிரும்னு நெனச்சாரோ என்னமோ.” நஸ்ருதீனுக்கு ஒன்றும் புரியவில்லை, ஆனால் கண் கலங்கியிருந்தது. “அப்புறம் இன்னைக்குப் போசியைத் திருப்பிக் குடுக்கறப்போ உங்களைய ஒண்ணே ஒண்ணு கேட்டுட்டு வரச் சொன்னாருங்க. எனக்கு அர்த்தம் தெரியலை. அவரு சொன்னதை அப்படியே சொல்றேன்.”

“சொல்லுங்க.”

“‘ஒண்ணே ஒண்ணுதானா?’ன்னு கேக்கச் சொன்னாருங்க.”

கம்பெனி விட்டு ஜனங்கள் இரண்டு பக்கமும் உரசிக்கொண்டு போனார்கள். தெய்வாத்தாள் போசியை இடுப்பில் அணைத்துக்கொண்டாள். எதிரில் நிற்பது நஸ்ருதீன் என்பதே அவளுக்கு மறந்துபோயிற்று.

“ஆமாங்க” என்றாள். “ஒண்ணே ஒண்ணுதானுங்க.”